மருத்துவ ஆய்வில் பொய்: அரசு எதைப் பார்க்கிறது, எதை விடுகிறது

1983ஆம் ஆண்டின் கடைசியில் இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஸ்ப்ரேக், அமெரிக்க அரசின் தேசிய மனநல நிறுவனத்துக்கு ஒரு புகார் எழுதினார். அவரோடு கூட்டாக ஆய்வு செய்துவந்த ஸ்டீஃபன் புரூனிங் என்ற உளவியலாளரின் தரவுகள் நம்பும்படி இல்லை என்பது அதன் சாரம். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு எந்த மனநல மருந்தைக் கொடுக்கலாம், எதை நிறுத்தலாம் என்பது புரூனிங்கின் துறை. அவருடைய கட்டுரைகளை நம்பிச் சில இடங்களில் சிகிச்சை முறையே மாறியிருந்தது. அரசின் விசாரணை அறிக்கை வெளிவர 1987 ஆயிற்று. இடையில் புகார் எழுதியவரும் விசாரணைக்கு உள்ளானார். 1988இல் புரூனிங் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறை இல்லை, 60 நாள் மறுவாழ்வு விடுதி, 250 மணி நேரச் சமூகப் பணி, ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு.

குற்றச்சாட்டு எதன் மேல் என்பதைக் கவனிக்க வேண்டும். நல்கை கேட்டு அரசுக்கு அனுப்பிய தாள்களில் பொய் சொன்னார் என்பதுதான் வழக்கு. அந்தப் பொய்யால் மருந்து மாற்றப்பட்ட குழந்தைகளுக்கு வழக்கில் இடமே இல்லை. மருத்துவ ஆய்வின் நேர்மையை அரசு கண்காணிக்கும் ஏற்பாடு அமெரிக்காவில்தான் மிகப் பழையது, மிக விரிவானது; அதன் வரலாறு முழுக்க இந்த வழக்கின் சாயல் இருக்கிறது. பணம் கொடுத்தவர் என்ற முறையில் கணக்குக் கேட்க அரசுக்கு உரிமை உண்டு. அந்த உரிமை எட்டும் தூரம் வரைதான் கண்காணிப்பும் எட்டுகிறது. நோயாளி பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறார்.

தொடக்கத்தில் இந்த அளவுகூட இல்லை. 1974இல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் நிறுவனத்தில் வில்லியம் சம்மர்லின் என்ற மருத்துவர், தோல் ஒட்டு வெற்றி பெற்றதாகக் காட்ட வெள்ளை எலியின் மேல் கறுப்புப் பேனாவால் திட்டு வரைந்தார். ஆய்வக உதவியாளர் ஒருவர் சாராயத்தில் பஞ்சை நனைத்துத் துடைத்ததும் குட்டு வெளிப்பட்டது. நிறுவனம் அவரை ஊதியத்தோடு மருத்துவ விடுப்பில் அனுப்பிவைத்தது. மனநிலை சரியில்லாத ஒருவர் செய்த காரியம் என்று உலகம் சிரித்துவிட்டு நகர்ந்தது. 1981 வசந்தத்தில், அப்போது இளம் எம்.பி.யாக இருந்த அல் கோர் ஆய்வு மோசடிகள் பற்றி ஒரு நாடாளுமன்ற விசாரணை நடத்தினார். சாட்சி சொல்ல வந்த தேசிய அறிவியல் கழகத் தலைவர் ஃபிலிப் ஹேண்ட்லர், பிரச்சினையைப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்குகின்றன, அறிவியல் தன் தவறுகளைத் தானே திருத்திக்கொள்ளும் என்றார். சில வாரங்கள் கழித்து, ஹார்வர்டின் இதயவியல் ஆய்வகத்தில் ஜான் டார்சி என்ற நட்சத்திர இளைஞர் தரவைப் போலியாகத் தயாரிக்கும்போது சக ஆய்வாளர்களிடம் கையும் களவுமாகப் பிடிபட்டார். ஹேண்ட்லரின் நம்பிக்கைக்கு இதைவிட மோசமான நேரம் வாய்த்திருக்க முடியாது.

1985இல் ஒரு சட்டம் வந்தது. பொதுச் சுகாதார நல்கை வாங்கும் ஒவ்வொரு நிறுவனமும் முறைகேட்டுப் புகாரை விசாரிக்க ஒரு வழிமுறை வைத்திருக்க வேண்டும் என்றது. 1989இல் என்.ஐ.எச். என்னும் தேசிய சுகாதார நிறுவனங்களுக்குள் ஒரு விசாரணை அலுவலகம் அமைந்தது. நல்கை கொடுக்கும் கையே விசாரிக்கவும் செய்வதா என்ற கேள்வி எழ, 1992இல் அதைக் கலைத்துவிட்டுச் சுகாதாரத் துறையின் கீழ் ஆய்வு நேர்மை அலுவலகத்தை உண்டாக்கினார்கள். இன்றுவரை அதுதான்.

அந்த அலுவலகத்தின் குணத்தைச் செதுக்கிய வழக்கு ஒன்று உண்டு. 1986 ஏப்ரலில் 'செல்' இதழில் வெளியான ஒரு நோயெதிர்ப்புக் கட்டுரை. ஆசிரியர்களில் ஒருவர் நோபல் பரிசு பெற்ற டேவிட் பால்டிமோர்; சர்ச்சைக்குள்ளான சோதனைகளைச் செய்தவர் தெரெசா இமானிஷி காரி. அவருடைய ஆய்வகத்தில் இருந்த மார்காட் ஓடூல் என்ற இளம் ஆய்வாளர், குறிப்பேட்டின் 17 பக்கங்களைப் பார்த்துவிட்டு, கட்டுரை சொல்வதும் குறிப்பேடு சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றார். பல்கலைக்கழகங்கள் கூடிப் பேசி ஒன்றுமில்லை என்றன. எம்.பி. ஜான் டிங்கெல் விஷயத்தைக் கையில் எடுத்தார். நாணயக் கள்ளர்களைப் பிடிக்கும் ரகசியக் காவல் துறையினர் வரவழைக்கப்பட்டு, குறிப்பேட்டின் தாளையும் மையையும் எண்பொறியின் அச்சுச் சுருள்களையும் காலம் பிரித்து ஆராய்ந்தார்கள். 1991இல் வரைவு அறிக்கை பத்திரிகைகளுக்குக் கசிந்தது. பால்டிமோர் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத் தலைமைப் பதவியை விட்டு விலகினார். 1994இல் ஆய்வு நேர்மை அலுவலகம் இமானிஷி காரி மேல் 19 குற்றங்கள் நிரூபணமாயின என்று அறிவித்தது; பத்தாண்டுகள் நல்கைத் தடை பரிந்துரைத்தது. 1996 ஜூனில் மேல்முறையீட்டு வாரியம் அத்தனையையும் தள்ளுபடி செய்தது. பத்தாண்டுப் போராட்டம், ஒரு குற்றமும் மிஞ்சவில்லை.

அதற்கு முன்பே, 1993இல், எய்ட்ஸ் கிருமி ஆய்வில் ராபர்ட் கேலோவின் சகாவான மிக்குலாஸ் போப்போவிச் வழக்கிலும் இதே வாரியம் அலுவலகத்தைத் தோற்கடித்திருந்தது. கேலோ மேலிருந்த வழக்கை அலுவலகமே கைவிட்டது.

இந்தத் தோல்விகளிலிருந்து அலுவலகம் கற்ற பாடம், நீதிமன்றத்தில் நிற்காத எதையும் தொடாதே என்பது. குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை என்ற நோக்கில் அதில் நியாயம் இருக்கிறது. இமானிஷி காரி இழந்த பத்தாண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பது? ஆனால் விளைவு வேறுவிதமாகப் போயிற்று. பெரும்பாலான ஆண்டுகளில் அலுவலகம் வெளியிடும் குற்ற முடிவுகள் பத்தை ஒட்டியே நிற்கின்றன. உலகிலேயே மிக அதிகமான மருத்துவ ஆய்வுப் பணம் புழங்கும் நாட்டில் ஆண்டுக்குப் பத்துப் பேர்தான் பொய் சொல்கிறார்கள் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

எது முறைகேடு என்பதையும் சுருக்கி வைத்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்க அரசு முழுமைக்கும் பொதுவாக வந்த வரையறையில் மூன்றே செயல்கள் உள்ளன: இல்லாத தரவை இட்டுக்கட்டுவது, இருக்கும் தரவைத் திரிப்பது, பிறர் எழுத்தைக் களவாடுவது. வேண்டுமென்றோ, தெரிந்தோ, பொறுப்பற்ற அலட்சியத்தாலோ செய்திருக்க வேண்டும். நேர்மையான பிழையும் கருத்து வேறுபாடும் இதில் சேராது. பாதகமான முடிவு வந்த மருந்துச் சோதனையை வெளியிடாமல் அலமாரியில் பூட்டி வைப்பது இதில் வராது. மருந்துக் கம்பெனி எழுதிக்கொடுத்த கட்டுரைக்குப் பேராசிரியர் பெயர் போட்டுக்கொள்வது வராது. நோயாளியின் ஒப்புதலின்றி ஆய்வு செய்வது வேறொரு அலுவலகத்தின் பொறுப்பு. நோயாளியின் உடம்புக்கு எது அதிகக் கேடு என்று வரிசைப்படுத்தினால், களவாடல் கடைசியில்தான் வரும். சட்டத்தில் அதற்கு மூன்றில் ஓர் இடம்.

அரசுப் பணம் கலக்காத ஆய்வு என்றால் இந்த மூன்றுகூடச் செல்லாது. 2020 மே மாதம் 'லான்செட்' இதழில் சர்ஜிஸ்ஃபியர் என்ற சிறு நிறுவனத்தின் தரவை வைத்து ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகள், 96,032 கொரோனா நோயாளிகள்; ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாவைக் கூட்டுகிறது என்றது. மூன்றே நாளில் உலகச் சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்த மருந்துப் பிரிவை நிறுத்திவைத்தது. எண்களைப் படித்துப் பார்த்த வாசகர்கள் இப்படி ஒரு தரவுத்தளம் இருக்கவே முடியாது என்று கேள்வி எழுப்ப, இரண்டு வாரத்துக்குள் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இதில் எந்த அரசு அலுவலகத்துக்கும் வேலை இருக்கவில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். அமெரிக்காவில் ஆய்வு நேர்மை அலுவலகம் பல்கலைக்கழகத்துக்குள் போய்த் துருவுவதில்லை. புகார் வந்தால் அந்தப் பல்கலைக்கழகமே முதற்கட்ட விசாரணையும் முழு விசாரணையும் நடத்தி அறிக்கை அனுப்பும். அலுவலகம் அதைச் சரிபார்க்கும். குற்றம் நிரூபணமானால் நல்கைப் பணம் போகும், பெயர் போகும் என்ற நிலையில் இருப்பவரே புலனாய்வாளர். இது எப்படி நடக்கும் என்பதற்கு டியூக் பல்கலைக்கழகம் உதாரணம்.

2006இல் அனில் போட்டி என்ற டியூக் மருத்துவரும் அவர் குழுவினரும் 'நேச்சர் மெடிசின்' இதழில் ஒரு முறையை வெளியிட்டார்கள். கட்டியின் மரபணுச் செயல்பாட்டைப் பார்த்தே எந்தப் புற்றுநோய் மருந்து அந்த நோயாளிக்கு வேலை செய்யும் என்று சொல்லிவிடலாம் என்றது கட்டுரை. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் கீத் பேகர்லி, கெவின் கூம்ஸ் என்ற இரு புள்ளியியலாளர்களிடம் சக மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தலாமா என்று கேட்க, அவர்கள் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். மரபணுப் பட்டியல் ஒரு வரி தள்ளிப்போயிருந்தது. மருந்துக்கு இணங்கும் செல்கள் என்று இருக்க வேண்டிய இடத்தில் இணங்காதவை என்றும், அதற்கு மாறாகவும் பெயர்கள் இடம் மாறிக் கிடந்தன. அந்த நோக்கில் பார்த்தால், நோயாளிக்குத் தவறான மருந்தைத் தேர்ந்தெடுக்கக்கூட இம்முறை வழிகாட்டலாம். அதற்குள் 2007இலேயே டியூக் நோயாளிகள் மேல் சோதனை தொடங்கிவிட்டது. போட்டியின் ஆய்வகத்திலேயே இருந்த பிராட் பெரெஸ் என்ற மருத்துவ மாணவர் 2008இல் இதே சந்தேகங்களை எழுதிக்கொடுத்தார். நிர்வாகம் அவரை அமைதிப்படுத்தி அனுப்பியது. 2009இல் புள்ளியியலாளர்களின் கட்டுரை வெளிவந்ததும் சோதனைகள் நின்றன. டியூக் தனக்குத்தானே ஒரு பரிசீலனை நடத்திவிட்டு 2010 ஜனவரியில் மறுபடி தொடங்கியது.

கடைசியில் எது அதை நிறுத்தியது? கணக்குப் பிழை நிறுத்தவில்லை. போட்டி தன் விண்ணப்பங்களில் ரோட்ஸ் உதவித்தொகை பெற்றவன் என்று போட்டுக்கொண்டது பொய் என 2010 ஜூலையில் ஒரு புற்றுநோய்ச் செய்திமடல் எழுதியது. தகுதியில் பொய் என்றதும் எல்லோருக்கும் சட்டென்று புரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகள் சேர்க்கப்பட்டிருந்த சோதனைகள் அதன் பிறகுதான் நிரந்தரமாக மூடப்பட்டன. ஆய்வு நேர்மை அலுவலகம் தன் முடிவை அறிவித்தது 2015 நவம்பரில். போட்டி குற்றத்தை ஒப்புக்கொள்ளவுமில்லை, மறுக்கவுமில்லை. ஐந்தாண்டு மேற்பார்வைக்குச் சம்மதித்தார்.

அதே டியூக் 2019இல் வேறொரு வழக்கில் 11.25 கோடி டாலர் கட்டியது. நுரையீரல் ஆய்வகம் ஒன்றில் எலிச் சோதனைத் தரவுகள் போலி என்று அங்கே வேலை பார்த்த ஜோசஃப் தாமஸ் என்பவர் வழக்குத் தொடுத்திருந்தார். அவர் கையாண்டது, உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1863இல், ராணுவத்துக்குச் சரக்கு விற்று ஏமாற்றிய ஒப்பந்தக்காரர்களைப் பிடிக்க வந்த சட்டம். அரசை ஏமாற்றிப் பணம் வாங்கியவர் மூன்று மடங்கு வரை திருப்பிக் கட்ட வேண்டும். காட்டிக்கொடுத்தவருக்கு அதில் 15 முதல் 30 விழுக்காடு வரை பங்கு உண்டு. தாமஸுக்கு 3.37 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. ஆய்வு நேர்மைக்கென்றே கட்டிய அலுவலகம் ஒரு தனிமனிதரின் பெயரை வெளியிட்டுச் சில ஆண்டுத் தடை போடும். ராணுவச் சரக்குக்காக எழுதிய சட்டமோ பல்கலைக்கழகத்தின் கஜானாவைத் தொடுகிறது. எதற்கு நிர்வாகங்கள் அஞ்சும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சிறைக்குப் போனவர்களின் கதையும் இதையே சொல்கிறது. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் எரிக் போல்மன், மாதவிடாய் நின்றபின் பெண்ணுடலில் வரும் மாற்றங்களைப் பற்றிப் பத்தாண்டுகள் பொய்த் தரவு எழுதினார். வால்டர் டெனினோ என்ற இளம் ஆய்வக உதவியாளர் 2000இல் காட்டிக்கொடுத்தார். 2006இல் ஓராண்டும் ஒரு நாளும் சிறை, நல்கை விண்ணப்பத்தில் பொய் சொன்னதற்காக. அயோவாவில் தோங் பியோ ஹான் என்ற ஆய்வாளர், முயல் இரத்தத்தில் மனித எதிர்ப்பொருளைக் கலந்து எய்ட்ஸ் தடுப்பூசி வேலை செய்வதாகக் காட்டினார். அலுவலகம் 2013இல் கொடுத்தது மூன்றாண்டு நல்கைத் தடை. செனட்டர் சார்லஸ் கிராஸ்லி, இவ்வளவுதானா என்று கடிதம் எழுதிய பிறகே வழக்கு வந்தது. 2015இல் 57 மாதச் சிறை, 72 லட்சம் டாலர். ஒரு செனட்டரின் கோபத்தைப் பொறுத்துத் தண்டனை இப்படி ஏறி இறங்குவதை நியாயம் என்று கொண்டாட முடியவில்லை. இடையே, 2014இல், அலுவலகத்தின் இயக்குநர் டேவிட் ரைட் பதவியை உதறினார். சுகாதாரத் துறையின் கோப்பு அரசியலில் வேலை செய்ய முடியவில்லை என்பது அவர் விலகல் கடிதத்தின் சாரம்.

அரசுக்குத் தெரிந்தும் வெளியே வராத விஷயங்கள் தனி. மருந்துச் சோதனை நடக்கும் இடங்களுக்கு எஃப்.டி.ஏ. என்னும் உணவு, மருந்து நிர்வாகம் ஆட்களை அனுப்பி ஏடுகளைச் சோதிக்கிறது. அந்த ஆவணங்களைச் சார்லஸ் சைஃப் என்ற இதழியல் பேராசிரியர் தோண்டி எடுத்து 2015இல் வெளியிட்டார். கடும் குறைகள் கண்டறியப்பட்ட 57 சோதனைகளிலிருந்து 78 ஆய்வுக் கட்டுரைகள் வந்திருந்தன. குறையைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொன்னவை மூன்று. அக்கட்டுரைகளைப் படித்து மருந்துச்சீட்டு எழுதும் மருத்துவருக்கு, பக்கத்து அலுவலகத்தின் அலமாரியில் என்ன இருக்கிறது என்று தெரிய வழியில்லை.

ஐரோப்பாவில் டென்மார்க் 1992இலேயே தேசியக் குழு அமைத்தது. அந்தக் கண்டத்தில் அதுதான் முதல். 2003இல் அது சுற்றுச்சூழல் பற்றிய பியோன் லோம்போர்க் நூலைக் கண்டித்துவிட்டு, அதே ஆண்டு இறுதியில் அமைச்சகத்திடம் குட்டு வாங்கியது. சர்ச்சைக்குரிய கருத்துக்கும் பொய்க்கும் நடுவே அரசுக் குழு கோடு கிழிக்கும்போது கை நடுங்கவே செய்யும். பிரிட்டனில் சட்ட அதிகாரம் உள்ள அமைப்பு இன்றும் இல்லை. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரையைக் கிழித்தவர் பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர்; தண்டித்தது மருத்துவர் பதிவுக் குழு. சீனத்தில், 'ட்யூமர் பயாலஜி' இதழ் 2017இல் 107 கட்டுரைகளை ஒரே அடியாகத் திரும்பப் பெற்ற அவமானத்துக்குப் பிறகு, மறு ஆண்டே அரசு அறிவியல் அமைச்சகத்திடம் பொறுப்பைக் கொடுத்தது.

ஸ்வீடனின் கதைதான் கூர்ந்து பார்க்க வேண்டியது. கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை மருத்துவர் 2011 முதல் பிளாஸ்டிக் மூச்சுக்குழாயை நோயாளிகளுக்குப் பொருத்தினார். கரோலின்ஸ்காவில் பெற்றுக்கொண்ட மூவரும் இறந்தார்கள். கட்டுரைகளோ வெற்றி என்றன. 2014இல் அங்கேயே பணியாற்றிய நான்கு மருத்துவர்கள் நோயாளிகளின் கோப்புகளைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டுப் புகார் கொடுத்தார்கள். வெளியிலிருந்து அழைத்த பேராசிரியர் பெங்ட் யெர்டின், முறைகேடு நடந்திருக்கிறது என்று 2015 மே மாதம் எழுதினார். மூன்று மாதம் கழித்துத் துணைவேந்தர் ஆண்டர்ஸ் ஹாம்ஸ்டன் முறைகேடு இல்லை என்று தீர்ப்பளித்தார். 2016 ஜனவரியில் தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் வந்த பிறகு துணைவேந்தர் பதவி விலகினார். 2018இல் கரோலின்ஸ்கா முடிவை மாற்றிக்கொண்டபோது, கட்டுரைகளில் பெயர் இருந்ததற்காகப் புகார் கொடுத்தவர்களையும் குறை சொன்னது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மக்கியாரினிக்கு இரண்டரை ஆண்டுச் சிறை விதித்தது. இந்த விவகாரத்தின் விளைவாக ஸ்வீடன், 2020 ஜனவரி முதலே, தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தைப் பல்கலைக்கழகங்களிடமிருந்து எடுத்து ஒரு தேசிய வாரியத்திடம் கொடுத்தது. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கும் வசதியைச் சட்டம் போட்டு நீக்கியது.

இந்தியாவில் புகாரை எங்கே கொடுப்பது என்பதே முதல் கேள்வி. மொராதாபாத்திலிருந்து ஒரு மருத்துவர் அனுப்பிய இதய நோய் உணவு ஆய்வை பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 1992இல் வெளியிட்டது. பிறகு சந்தேகம் வந்தது. விசாரிக்க ஓர் அமைப்பைத் தேடி இதழின் ஆசிரியர்கள் பல ஆண்டுகள் அலைந்தார்கள். யாரும் விசாரித்து முடித்துக் கொடுக்கவில்லை. 2005இல், தரவு இட்டுக்கட்டப்பட்டிருக்கலாம் என்ற புள்ளியியல் ஆய்வோடு தங்கள் கவலையை அச்சிட்டுவிட்டு அவர்கள் ஒதுங்கினார்கள். அதே இந்தியாவில், செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை வைத்து ஐ.சி.எம்.ஆர். நடத்திய பி.சி.ஜி. சோதனை, அரசே ஊர் ஊராகப் போட்டுவந்த தடுப்பூசி நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்ற முடிவை மறைக்காமல் 1980 வாக்கில் உலகுக்குச் சொன்னது. நேர்மைக்கு ஆளில்லாத நாடு இல்லை. நேர்மையின்மையை விசாரிக்கத்தான் இடமில்லை.

நோயாளிப் பாதுகாப்பில் நாம் சற்று முன்னேறியிருக்கிறோம். 2009இல் கம்மத்திலும் வடோதராவிலும் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்ட ஆய்வில், பெற்றோர் இருக்க வேண்டிய இடத்தில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்ததை 2013ஆம் ஆண்டு நாடாளுமன்றக் குழு அறிக்கை கடுமையாகச் சாடியது. உச்ச நீதிமன்றமும் தலையிட்டது. 2019ஆம் ஆண்டு மருந்துச் சோதனை விதிகளின்படி நன்னெறிக் குழுக்களுக்குப் பதிவும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் கட்டாயம். ஆனால் தரவு பொய் என்றால்? 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிமுறை எழுத்துக் களவை மட்டும் பிடிக்கிறது. பத்து விழுக்காடு ஒற்றுமை வரை மன்னிப்பு, அறுபதைத் தாண்டினால் ஆய்வாளர் பதிவே ரத்து என்று படிநிலை வகுத்திருக்கிறது. மென்பொருள் எண்ணித் தருவதை விதியாக்குவது எளிது. இல்லாத நோயாளியின் இரத்த அழுத்தத்தைத் தானே யோசித்துச் சொந்த நடையில் எழுதியவர் அந்த மென்பொருளில் பூஜ்யம் வாங்கிக் கௌரவமாகத் தேறிவிடுவார்.

அமெரிக்காவில் 2024இல் விதிகள் திருத்தப்பட்டன. 2026 ஜனவரி முதல் நிறுவனங்கள் அவற்றைப் பின்பற்ற வேண்டும். முதற்கட்ட விசாரணைக்கு 60 நாளாக இருந்த கெடு 90 ஆயிற்று, முழு விசாரணைக்கு 120 நாள் 180 ஆயிற்று. இதற்கிடையே 2025 மே மாதம் அதிபர் டிரம்ப் அறிவியலின் தரத்தை மீட்பதாகச் சொல்லி ஓர் ஆணையிட்டார். மறுபடி செய்து பார்த்தால் அதே முடிவு வர வேண்டும், நிச்சயமின்மையை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருப்பவற்றோடு எந்த ஆய்வாளரும் சண்டை போட மாட்டார். மீறல்களைப் பரிசீலிக்கும் பொறுப்பு அரசியல் நியமனம் பெற்றவர்கள் கைக்குப் போகிறது என்பதுதான் சிக்கல். டிங்கெல் காலத்தில் ஒரு நாடாளுமன்றக் குழு செய்ததை இனி ஒவ்வொரு துறைத் தலைமையும் செய்யலாம். தடுப்பூசி பற்றிய விருப்பமில்லாத முடிவு முறைகேடாகத் தோன்ற அதிக நேரம் ஆகாது.

ஆகவே உண்மை எது என்று தீர்ப்புச் சொல்லும் வேலையில் அரசுக்கு நான் அதிக இடம் கொடுக்க மாட்டேன். புரூனிங், டார்சி, போல்மன், டியூக், மக்கியாரினி என்று எந்த வழக்கை எடுத்தாலும் முதலில் கண்டவர் அதே ஆய்வகத்திலோ துறையிலோ குறிப்பேட்டைப் புரட்டிய ஒருவர். பெரும்பாலும் பதவியில் சிறியவர். இப்போது எலிசபெத் பிக் போன்ற தன்னார்வலர்கள் கட்டுரைகளின் படங்களைக் கண்ணாலேயே ஒப்பிட்டு ஆயிரக்கணக்கில் குறை கண்டுபிடிக்கிறார்கள், அரசு ஊதியம் இல்லாமல். கண்டுபிடிப்பது பிரச்சினையாக இருந்ததே இல்லை. கண்டவரின் வேலை போகாமல் காப்பதும், விசாரணை முடிந்தபின் அறிக்கையை வெளியே வைப்பதும்தான் அரசால் மட்டும் முடிகிற காரியம். பல்கலைக்கழகங்கள் எதிர்ப்பது இந்த இரண்டாவதைத்தான். குற்றம் இல்லை என்று விடுபட்டவரின் பெயர் கெடும் என்கிறார்கள். அவர் பெயரை அடித்துவிட்டு மீதியை வெளியிடத் தடையேதும் இல்லை. ஸ்வீடனில் தேசிய வாரியத்தின் முடிவுகள் யார் கேட்டாலும் கிடைக்கும் பொது ஆவணங்கள். அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அதற்குப் பிறகும் ஆய்வு செய்துகொண்டுதான் இருக்கின்றன.